ஓட்டில் இருந்த ஓட்டை: பாஷ் ஷெல்லின் 25 ஆண்டுக் கதை

ஈய எழுத்துகளைக் கோத்துப் பத்திரிகை அச்சிட்ட காலத்தில், ஆசிரியபீடத்திலிருந்து அச்சுக்கோப்புப் பகுதிக்குச் செல்லும் ஒவ்வொரு தாளிலும் இரண்டு வகையான எழுத்துகள் இருக்கும். நீல மையில் எழுதப்பட்டிருப்பது செய்தி. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதப்பட்டிருப்பது அச்சுக்கோப்பாளருக்கு இடப்படும் கட்டளை. ‘இரண்டு பத்தி அகலம்’, ‘தடித்த எழுத்து’, ‘கடைசிப் பந்தியை நீக்குக’ என்றவாறு அவை அமைந்திருக்கும். இவ்விரண்டையும் மாற்றி விளங்கிக்கொண்டால் என்ன நேரும் என்பதை நான் தொழிலுக்குச் சேர்ந்த முதலாவது ஆண்டிலேயே கண்டேன். வெளியூர் நிருபர் ஒருவர் கூட்டமொன்றின் அறிக்கையை அனுப்பியிருந்தார். சங்கமொன்றின் யாப்பைப் பற்றிய விவாதத்தில் ஒருவர் கூறிய ‘மேலே உள்ளவை அனைத்தையும் நீக்கிவிடுங்கள்’ என்ற வாக்கியம் அதில் தனி வரியாக இருந்தது. அவசரத்தில் மேற்கோள் குறி இடப்படவில்லை. இரவுப் பணியில் இருந்த அச்சுக்கோப்பாளர் அதனைத் தமக்கு இடப்பட்ட கட்டளை எனக் கொண்டார். மறுநாட் காலை பெரிய தலைப்பும் அதன் கீழ் நன்றியுரையும் மட்டுமே வெளிவந்தன.

அச்சுக்கோப்பாளரை எவரும் கடிந்துகொள்ளவில்லை. செய்தியும் கட்டளையும் ஒரே தாளில் ஒரே மையில் சென்றதே தவறு என்று ஆசிரியர் கூறினார். அன்று முதல் சிவப்பு மை இல்லாத எதனையும் கட்டளையாகக் கொள்ளலாகாது என்பது எங்கள் காரியாலயத்தின் விதியாயிற்று.

பல்லாண்டுகளின் பின்னர், 2014 செப்டெம்பர் 24ஆம் திகதி புதன்கிழமை, உலகெங்கும் உள்ள இணையச் சேவையகங்களைப் பராமரிப்போர் உறக்கமிழந்தனர். ‘ஷெல்ஷொக்’ எனப் பின்னர் பெயர் பெற்ற பாதுகாப்புக் குறைபாடு அன்று வெளியிடப்பட்டது. அதன் விபரங்களை வாசித்தபோது எனக்கு நினைவில் வந்தது அந்த நன்றியுரைதான். செய்தியாக மட்டும் இருக்க வேண்டிய ஒன்றை, கணினி தனக்கு இடப்பட்ட கட்டளையாகக் கொண்டுவிட்டது. அவ்வாறு கொள்வதற்கான வாசல் 25 ஆண்டுகளாகத் திறந்தே இருந்தது.

இக்கட்டுரை அந்தக் குறைபாட்டைப் பற்றியது மாத்திரமன்று. அது வெளிப்பட்டபோது சிலருக்கு ஆபத்து ஏன் குறைவாக இருந்தது, அவர்கள் தெரிந்தெடுத்த மாற்று எங்கிருந்து வந்தது என்பதே இதன் பொருள்.

ஷெல்லும் அதன் இரு எசமானர்களும்

கணினியின் இயங்குதளத்துக்கு நடுவே கேர்னல் எனப்படும் கரு உள்ளது. நினைவகத்தையும் வட்டையும் வலையமைப்பையும் ஆள்வது அதுவே. நாம் தட்டச்சு செய்யும் கட்டளையை வாங்கி, அதற்குரிய நிரலைத் தேடி இயக்குவித்து, விடையை நமக்குக் காட்டும் இடையாள்தான் ஷெல். கருவைச் சுற்றியுள்ள ஓடு என்ற பொருளில் அச்சொல் வழங்குகின்றது.

இதன் வரலாறு 1960களின் முற்பகுதியில், அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் தொடங்குகின்றது. பிரான்ஸ் நாட்டவரான லூயி பூசன், அங்கிருந்த நேரப்பகிர்வுக் கணினியில், திரும்பத் திரும்ப இட வேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதிவைத்து ஒரே முறையில் இயக்கும் நிரலொன்றை ஆக்கினார். அடுத்து வந்த மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கும் அவ்வாறான ஒன்று வேண்டும் என்று எழுதியபோது, ‘ஷெல்’ என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. மல்டிக்ஸின் முதலாவது ஷெல்லை 1965இல் எழுதியவர் கிளெண்டா ஷ்ரோடர் என்ற பெண்மணி.

பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் பிறந்தபோது, அதற்கான முதல் ஷெல்லைக் கென் தொம்சன் 1971இல் ஆக்கினார். 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸுடன் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. கட்டளைகளை வரிசைப்படுத்துவதோடு நில்லாது, நிபந்தனை, சுழற்சி முதலியவற்றுடன் முழுமையான நிரல் எழுதவும் இடமளித்த அந்த ஷெல்லே இன்றுவரை பின்வந்தவற்றுக்கு இலக்கணமாக உள்ளது. கலிபோர்னியாவின் பேர்க்லியில் பில் ஜோய் எழுதிய சி ஷெல், பெல் ஆய்வுகூடத்தில் டேவிட் கோர்ன் எழுதி 1983இல் அறிவித்த கோர்ன் ஷெல் ஆகியவை அதே காலத்தில் எழுந்த வேறு கிளைகள்.

இங்கே வாசகர்கள் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். ஷெல்லுக்கு இரண்டு எசமானர்கள் உள்ளனர். ஒருவர் விசைப்பலகையின் முன் அமர்ந்திருக்கும் மனிதர். மற்றையவர் கணினியே. கணினி விழித்தெழும்போது எந்தெந்தச் சேவைகளை எந்த வரிசையில் தொடங்க வேண்டும் என்பதை, நீண்ட காலமாக, ஷெல்லுக்கான கட்டளைக் கோப்புகளே கூறிவந்தன. ஒரு நிரல் மற்றொரு நிரலை ஏவ விரும்பும்போதும் பெரும்பாலும் ஷெல்லையே அழைக்கின்றது. அவ்வாறு அழைக்கப்படும் ஷெல்லுக்கு யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ‘எஸ்.எச்.’ என்பது பொதுப் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் எந்த ஷெல்லை அமர்த்துவது என்பது இயங்குதளத்தைத் தொகுப்பவரின் தெரிவு. இந்தச் சிறிய தெரிவு 2014இல் பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது.

ஒரே பருவத்தில் பிறந்த இருவர்

போர்ன் ஷெல் தனியார் உடைமை. அதனை எவரும் விரும்பியவாறு பிரதி பண்ணவோ திருத்தவோ இயலாது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனு திட்டத்துக்கு, அதற்கு ஈடான சொந்த ஷெல் ஒன்று தேவைப்பட்டது. அப்பணி பிரையன் பொக்ஸ் என்ற இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1988 ஜனவரியில் எழுதத் தொடங்கி, 1989 ஜூன் முற்பகுதியில் முதலாவது சோதனைப் பதிப்பை வெளியிட்டார். அதன் பெயர் பாஷ். ‘மீண்டும் பிறந்த’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரையும் போர்ன் என்ற பெயரையும் சேர்த்துச் செய்த சிலேடை அது.

அதற்குச் சில நாட்களின் முன்னர், 1989 மே மாத இறுதியில், கெனத் அல்ம்குவிஸ்ட் என்பவர் போர்ன் ஷெல்லுக்கு மாற்றாகத் தாம் எழுதிய மற்றொரு ஷெல்லை வலைவழிச் செய்திக்குழுவொன்றில் வெளியிட்டார். அது ஆஷ் எனப்பட்டது.

இரண்டும் ஒரே தேவைக்காக ஒரே பருவத்தில் பிறந்தவை. வளர்ந்த விதமோ வேறு. பாஷ், மனிதருக்கு வசதியான அனைத்தையும் தன்னுள் சேர்த்துக்கொண்டே சென்றது. முன்னர் இட்ட கட்டளைகளை நினைவில் வைத்துக்கொள்ளும். எழுதும் வரியைத் திருத்த உதவும். பாதி எழுதிய பெயரைத் தானே நிரப்பும். ஆஷ் முதலில் வெளிவந்தபோது இவை எவையும் அதில் இருக்கவில்லை. சிறியதாகவும் விரைவாகவும் இருப்பதே அதன் சிறப்பு. ஆகவே மக்கள் பாஷை நாடினர். 1991 ஓகஸ்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தமது புதிய இயங்குதளம் பற்றி உலகுக்கு முதன்முதலாக அறிவித்தபோது, அதில் ஏற்கெனவே இயங்குவதாகக் கூறிய இரண்டு மென்பொருட்களில் ஒன்று பாஷ். லினக்ஸ் பரவிய இடமெல்லாம் பாஷும் உடன் சென்றது.

கேள்வி கேட்கப்படாத ஒரு வசதி

1989 ஓகஸ்டில், பாஷில் ஒரு வசதி சேர்க்கப்பட்டது. அடுத்த மாதம் வெளிவந்த 1.03 பதிப்பில் அது இடம்பெற்றது.

ஷெல்லில் பணிபுரிபவர், அடிக்கடி செய்யும் வேலைகளுக்குத் தாமே சிறிய செயற்கூறுகளை எழுதிப் பெயரிட்டு வைத்துக்கொள்ளலாம். ஒரு பாஷ் மற்றொரு பாஷைப் பிறப்பிக்கும்போது, தாயிடமுள்ள செயற்கூறுகள் சேய்க்கும் கிடைத்தால் நன்று அல்லவா? அதற்குக் கையாளப்பட்ட வழி ‘சூழல் மாறி’. ஒரு நிரல் பிறக்கும்போது தாய் நிரலிடமிருந்து பெற்றுக்கொள்ளும் பெயரும் பெறுமதியும் அடங்கிய சீட்டுகள் என இவற்றைக் கொள்ளலாம். பயனரின் பெயர் என்ன, இல்லக் கோப்புறை எது என்பன போன்ற சாதாரண தகவல்கள் இச்சீட்டுகளில் இருக்கும். பாஷ் செயற்கூறையும் அப்படியே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தது.

பெற்றுக்கொள்ளும் சேய் பாஷ், எந்தச் சீட்டில் செயற்கூறு உள்ளது என்பதை எவ்வாறு அறியும்? பெயரில் எந்த அடையாளமும் இல்லை. ஒரு சீட்டின் பெறுமதி ஒரு சோடி வட்ட அடைப்புக்குறி, ஓர் இடைவெளி, ஒரு நெளி அடைப்புக்குறி என்று தொடங்கினால் அது செயற்கூறு என்று கொள்ளப்பட்டது. இந்த நான்கு குறிகளைக் கண்டவுடன் பாஷ் அதனை வாசிக்கத் தொடங்கும். தவறு இதற்கும் அடுத்த படியில் இருந்தது. செயற்கூறு முடிவடையும் இடத்தில் வாசிப்பை நிறுத்த வேண்டும். பாஷ் நிறுத்தவில்லை. அதன் பின்னால் வேறு எது எழுதப்பட்டிருந்தாலும், அதனையும் வாசித்து உடனேயே நிறைவேற்றியது. செயற்கூறை எவரும் அழைக்க வேண்டியதில்லை. பாஷ் பிறந்தாலே போதும்.

1989இல் இதனால் எவருக்கும் தீங்கு நேர்ந்திராது. தமது சூழல் மாறியில் எழுதக்கூடியவர் தாமே. தமது பெட்டியைத் தாமே களவாடுபவர் உண்டா? பிரையன் பொக்ஸைக் குறைகூற முனைபவர்கள் இதனை மறந்துவிடலாகாது.

ஆயினும் சூழலை நம்புவது ஆபத்து என்பதற்கு அதற்கு முன்னரே ஒரு பாடம் இருந்தது. பழைய போர்ன் ஷெல்லில், சொற்களை எந்தக் குறியைக் கொண்டு பிரிப்பது என்பதைத் தீர்மானிக்கும் மாறியொன்று சூழலிலிருந்து பெறப்பட்டது. வஞ்சகர் ஒருவர் அதில் சாய்கோட்டை எழுதிவிட்டால், கோப்புப் பாதையின் நடுவிலுள்ள சாய்கோடு இடைவெளியாகிவிடும். பாதையின் முதற்கூறு மட்டும் நிரலின் பெயராகக் கொள்ளப்பட்டு, அதே பெயரில் வஞ்சகர் வைத்திருக்கும் நிரல் இயங்கும். உயர் அதிகாரமுள்ள நிரலொன்று அவ்வாறு ஏமாற்றப்பட்டால் முழுக் கணினியும் அவர் கையில். பின்வந்த ஷெல்கள் அந்த மாறியைச் சூழலிலிருந்து பெறுவதை நிறுத்திக்கொண்டன. அந்த மாறிக்கு மட்டும் மருந்து கிடைத்தது. அதன் பின்னாலிருந்த பொதுவான படிப்பினை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கப்படவில்லை.

வீடு சந்தையானபோது

பாஷில் எவரும் எதனையும் மாற்றவில்லை. அதனைச் சுற்றியிருந்த உலகமே மாறியது. 1993இல் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அதிவேகக் கணிப்புக்கான தேசிய நிலையத்தில், இணையச் சேவையகம் ஒன்று வேறு நிரல்களை இயக்கி அவற்றின் விடையைப் பார்வையாளருக்கு அனுப்பும் முறையொன்று வகுக்கப்பட்டது. சி.ஜி.ஐ. என்று அது அழைக்கப்பட்டது. பார்வையாளரின் உலாவி எது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பன போன்ற விபரங்களை, இயக்கப்படும் நிரலுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட வழி, அதே சூழல் மாறிகள்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். உலாவியின் பெயரைச் சொல்வது உலாவியே. அது உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமில்லை. உலகின் எந்த மூலையில் இருப்பவரும், தமது உலாவியின் பெயர் அந்த நான்கு குறிகளுடன் தொடங்குவதாகக் கூறி, பின்னால் ஒரு கட்டளையை எழுதி அனுப்பலாம். சேவையகம் அதனைச் சீட்டில் எழுதும். சி.ஜி.ஐ. நிரல் பாஷில் எழுதப்பட்டிருந்தாலோ, அல்லது வேறு மொழியில் எழுதப்பட்டு இடையில் ஒரு முறை பாஷை அழைத்தாலோ, அந்தக் கட்டளை நிறைவேறும். கடவுச்சொல் வேண்டியதில்லை, கணக்கு வேண்டியதில்லை. 1989இல் எடுத்த முடிவும் 1993இல் எடுத்த முடிவும் தனித்தனியே தீங்கற்றவை. இரண்டையும் இணைத்துப் பார்த்தவர் எவரும் அது பற்றி வெளியில் எழுதியதாகத் தெரியவில்லை.

கட்டற்ற மென்பொருளின் நிரல்மூலத்தைப் பலரும் பார்ப்பதால் தவறுகள் விரைவில் வெளிப்படும் என்று கூறப்படுவதுண்டு. பாஷின் நிரல்மூலம் 25 ஆண்டுகளாக எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில்தான் இருந்தது. 1990களின் முற்பகுதியிலிருந்து அதனைப் பராமரித்து வந்தவர், ஒகையோ மாநிலத்திலுள்ள கேஸ் வெஸ்டேர்ன் ரிசேர்வ் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த செட் ரேமி. பாஷுக்காக அவருக்கு ஊதியம் எதுவும் இருக்கவில்லை. உலகின் பெருநிறுவனங்கள் பலவும் தமது சேவையகங்களில் நம்பியிருந்த மென்பொருள், ஒரு மனிதரின் ஓய்வு நேரத்தில் தங்கியிருந்தது. பார்க்கலாம் என்பதும் பார்த்தார்கள் என்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது.

செப்டெம்பர் மாதத்தின் பன்னிரண்டு நாட்கள்

யுனிக்ஸ் ஷெல்களில் ஆழ்ந்த தேர்ச்சியுடைய ஸ்டெபான் ஷசெலா இக்குறைபாட்டைக் கண்டறிந்து, 2014 செப்டெம்பர் 12ஆம் திகதி செட் ரேமிக்கு அறிவித்தார். இருவரும், ரெட் ஹட் நிறுவனத்தைச் சேர்ந்த புளோரியன் வைமர் முதலிய சிலருடன் சேர்ந்து, இரகசியமாகத் திருத்தத்தைத் தயாரித்தனர். பன்னிரண்டு நாட்களின் பின்னர், செப்டெம்பர் 24ஆம் திகதி, திருத்தமும் அறிவிப்பும் ஒன்றாக வெளிவந்தன. அமெரிக்கத் தேசியத் தரவுத்தளம் இதன் கடுமையைப் பத்துக்குப் பத்து என மதிப்பிட்டது.

அறிவிப்பு வெளிவந்த அன்றே, முதல் திருத்தம் போதாது என்பதைக் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த டாவிஸ் ஓர்மண்டி எடுத்துக்காட்டினார். இரண்டாவது திருத்தம் வந்தது. அதே நிறுவனத்தைச் சேர்ந்த மிகால் சலேவ்ஸ்கி மேலும் இரண்டு குறைபாடுகளைக் கண்டார். வேறு இரண்டும் வெளிப்பட்டன. ஆறு குறைபாடுகள், ஒக்டோபர் தொடக்கம்வரை தொடர்ந்த திருத்தங்கள் என்று அந்நாட்கள் கழிந்தன. தாக்குவோரும் காத்திருக்கவில்லை. நாளொன்றுக்குச் சுமார் 15 இலட்சம் தாக்குதல்களையும் துருவல்களையும் காண்பதாகக் கிளவுட்ஃப்ளெயர் நிறுவனம் அந்த மாத இறுதியில் தெரிவித்தது. அப்பிள் நிறுவனம் தனது கணினிகளுக்கான திருத்தத்தைச் செப்டெம்பர் 29ஆம் திகதி வெளியிட்டது.

பராமரிப்பாளர்கள் பலரும் அந்நாட்களில் ஒரே கேள்வியைக் கேட்டனர். பாஷைக் கைவிட்டுவிடலாமா? எந்த ஷெல் பாதுகாப்பானது?

முன்னரே மாறியிருந்தவர்கள்

அக்கேள்விக்குச் சிலர் எட்டு ஆண்டுகளின் முன்னரே, வேறொரு காரணத்துக்காக, விடை கண்டிருந்தனர்.

அல்ம்குவிஸ்டின் ஆஷ் மறைந்துவிடவில்லை. பேர்க்லி யுனிக்ஸின் வழித்தோன்றல்கள் அதனைத் தமது எஸ்.எச். ஆக ஏற்றுக்கொண்டன. ஹேர்பேர்ட் சூ என்பவர் அதனை 1997இல் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்துக்குக் கொண்டுவந்தார். 2002இல் அது டாஷ் என்று பெயர் மாற்றம் பெற்றது. வீட்டிலுள்ள இணையத் திசைவிகள் போன்ற சிறிய கருவிகள் பலவற்றில், பிசிபொக்ஸ் என்ற தொகுப்பின் வழியாக ஆஷின் மற்றொரு வடிவம் இயங்கியது.

டெபியனிலிருந்து பிறந்த உபுண்டு, 2006 ஒக்டோபரில் வெளியிட்ட 6.10 பதிப்பில், எஸ்.எச். என்ற பெயருக்குப் பின்னால் இருந்த பாஷை அகற்றி டாஷை அமர்த்தியது. காரணம் பாதுகாப்பு அன்று, வேகம். கணினி விழித்தெழும்போது ஷெல் பல முறை அழைக்கப்படுகின்றது. பருமனில் பாஷின் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே உள்ள டாஷ் ஒவ்வொரு முறையும் விரைந்து எழும்.

அம்மாற்றம் எளிதில் நிகழவில்லை. எஸ்.எச். என்று எழுதிவிட்டு, பாஷுக்கு மட்டுமே விளங்கும் தொடர்களைக் கையாண்டிருந்த கட்டளைக் கோப்புகள் ஏராளம். அவை ஒரே நாளில் இயங்க மறுத்தன. பயனர்கள் சினந்தனர். எங்கள் தொழிலில் இதற்கு நிகரான சிக்கல் ஒன்று உண்டு. ஊர் வழக்கில் எழுதும் நிருபருக்குத் தாம் எழுதுவது ஊர் வழக்கு என்பதே தெரியாது. தம்மைச் சூழ உள்ள எல்லோருக்கும் அது விளங்குவதால், உலகத்துக்கே விளங்கும் என்று எண்ணுவார். வேறு மாவட்டத்து வாசகர் கடிதம் எழுதும்போதுதான் உண்மை தெரியவரும். ஷெல்லுக்கான பொதுமொழியை வரையறுத்த பொசிக்ஸ் நியமம் 1992இல் வெளிவந்திருந்தது. இருந்தும் பலர் பாஷ் வழக்கையே பொதுமொழி எனக் கருதியிருந்தனர்.

டெபியன் தன்னார்வலர்கள் அந்த வழக்குகளைத் தேடிப் பிடிக்கும் கருவியொன்றைக் கொண்டு, கோப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்தினர். 2011 பெப்ரவரியில் வெளிவந்த டெபியன் 6.0 பதிப்பில் டாஷே எஸ்.எச். ஆயிற்று. மனிதர் விசைப்பலகையில் பயன்படுத்தும் ஷெல்லாகப் பாஷ் தொடர்ந்தும் இருந்தது. அதாவது, இரண்டு எசமானர்களுக்கும் இரண்டு வேலையாட்கள் நியமிக்கப்பட்டனர். மனிதருக்கு வசதி நிறைந்தவர். இயந்திரத்துக்குச் சொன்னதை மட்டும் செய்பவர்.

2014 செப்டெம்பரில் இதன் பெறுமதி தெரிந்தது. ரெட் ஹட் வழிவந்த விநியோகங்களில் எஸ்.எச். என்பது பாஷாகவே இருந்ததால், எந்த மொழியில் எழுதப்பட்ட நிரலானாலும், உள்ளே ஒரு முறை ஷெல்லை அழைத்தாலே வாசல் திறந்தது. டெபியனிலும் உபுண்டுவிலும் அதே அழைப்பு டாஷிடம் சென்றது. சூழலிலிருந்து செயற்கூறு பெறும் வசதி டாஷில் என்றுமே இருந்ததில்லை. இல்லாத கதவை எவராலும் தள்ளித் திறக்க முடியாது.

அவர்கள் முற்றாகத் தப்பிவிட்டனர் என்று எழுதினால் அது பொய்யாகும். பாஷைப் பெயர் சொல்லி அழைத்த சி.ஜி.ஐ. கோப்புகள் அங்கும் ஆபத்தில் இருந்தன. தொலைவிலிருந்து நுழைந்து ஒரேயொரு கட்டளையை மட்டும் இயக்க அனுமதிக்கப்பட்ட கணக்குகளில், நுழைவு ஷெல்லாகப் பாஷ் இருந்தால், அந்தக் கட்டுப்பாட்டையும் மீற முடிந்தது. ஆகவே அவர்களும் அன்றிரவே திருத்தத்தை நிறுவ வேண்டியிருந்தது. எனினும் தீப்பற்றக்கூடிய கூரையின் பரப்பு அவர்களுக்கு மிகக் குறைவு.

ரெட் ஹட் வழிவந்தவர்கள் அந்த வாரத்திலேயே டாஷுக்கு மாறியிருக்கலாமே எனச் சிலர் கேட்டனர். முடியாது. டெபியனுக்குப் பல்லாண்டுகள் எடுத்த வேலையை ஒரு வாரத்தில் செய்ய முனைந்தால், சேவையகம் பாதுகாப்பாக இருக்கும்; ஆனால் விழித்தெழாது. வெள்ளம் தலைக்கு மேல் வந்தபின் அணை கட்ட முடியாது. அவர்களுக்கு இருந்த ஒரே வழி, பாஷைத் திருத்துவது. அவ்விநியோகங்களில் இன்றும் எஸ்.எச். என்பது பாஷ்தான்.

பின்னர் நடந்தவை

சிறியது என்பதால் மட்டும் ஒரு ஷெல் பாதுகாப்பானதாகிவிடாது. 1990இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் போல் பொல்ஸ்டட் எழுதிய இஸட் ஷெல் வசதிகளில் பாஷுக்குக் குறைந்ததன்று. ஆயினும் அதில் இக்குறைபாடு இருக்கவில்லை. செயற்கூறுகளைச் சூழல் வழியே பெறும் பழக்கம் அதற்கில்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, வெளியாரின் கை படக்கூடிய இடத்திலிருந்து ஒரு ஷெல் தானாகவே எதனை எடுத்துக்கொள்கின்றது என்பதே. எத்தனை வசதிகள் உள்ளன என்பது அடுத்த கேள்வி.

ஃப்ரீ பி.எஸ்.டி. இயங்குதளத்தினர் இதனை நன்கு விளங்கிக்கொண்டனர். அவர்களுடைய எஸ்.எச். ஆஷின் வழிவந்தது. இருந்தும், விரும்புவோர் நிறுவிக்கொள்ளும் பாஷிலும் செயற்கூறு பெறும் வசதியை இயல்பில் மூடிவைத்தனர். வேண்டியவர் தாமாகத் திறந்துகொள்ளலாம். அப்பிள் நிறுவனம் 2019இல் தனது கணினிகளின் இயல்பான ஷெல்லாகப் பாஷுக்குப் பதில் இஸட் ஷெல்லை ஏற்றது. பாஷின் புதிய பதிப்புகளுக்குரிய உரிம நிபந்தனைகளே இதற்குக் காரணம் எனப் பரவலாகக் கருதப்பட்டது. ஷெல்ஷொக் வெளிப்பட்ட வேளையிலும் அப்பிள் கணினிகளில் இருந்தது 2006இல் வெளிவந்த பழைய பாஷ் 3.2 பதிப்பே.

பாஷ் அழிந்துவிடவில்லை. செட் ரேமி தொடர்ந்தும் அதனைப் பராமரித்து வருகின்றார். 2025 ஜூலையில் 5.3 பதிப்பு வெளிவந்தது. உபுண்டுவிலும் டெபியனிலும் மனிதரை வரவேற்கும் ஷெல் இன்றும் அதுவே. நான் அறிந்த சேவையகப் பராமரிப்பாளர்கள் பெரும்பாலோர் பாஷில்தான் தட்டச்சு செய்கின்றனர். அதில் தவறில்லை. தாம் எழுதும் கட்டளைக் கோப்புகளைப் பொதுமொழியில் எழுதி, எந்த எஸ்.எச். இலும் இயங்கும்படி வைத்திருப்பவருக்கு, நாளை வேறொரு குறைபாடு வெளிப்பட்டாலும் மாறிக்கொள்ளும் சுதந்திரம் உண்டு. பாஷ் வழக்கிலேயே அனைத்தையும் எழுதியவருக்கு அது இல்லை. பாதுகாப்பான ஷெல்லைத் தெரிந்தெடுப்பது என்பது, பெரும்பகுதி, குறைபாடு வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகளின் முன்னர் செய்து முடிக்க வேண்டிய வேலை. உபுண்டுவினர் அதனைச் சில விநாடிகளை மிச்சம்பிடிப்பதற்காகச் செய்தனர். சிக்கனத்துக்காகச் செய்தது காவலாக அமைந்தது.

இறுதியாக, பாஷ் எவ்வாறு திருத்தப்பட்டது என்பதையும் கூறிவிட வேண்டும். முதல் திருத்தங்கள், செயற்கூறு முடிந்ததும் வாசிப்பை நிறுத்துவது எப்படி என்பதில் கவனம் செலுத்தின. ஒன்றை அடைக்க மற்றொன்று திறந்தது. புளோரியன் வைமர் வேறு வழியில் சிந்தித்தார். அவரது யோசனைப்படி, செயற்கூறைத் தாங்கிவரும் சீட்டின் பெயரிலேயே முன்னும் பின்னும் தனி அடையாளம் இடப்பட்டது. அந்த அடையாளம் இல்லாத சீட்டில் எந்தக் குறிகள் இருந்தாலும் பாஷ் அதனை வெறும் எழுத்தாகவே கொள்ளும். உலாவியின் பெயரைத் தாங்கிவரும் சீட்டுக்கு அந்த அடையாளம் ஒருபோதும் கிடைக்காது. பின்னர் கண்டறியப்பட்ட குறைபாடுகளையும் வெளியாரின் கைக்கு எட்டாதபடி செய்தது இந்தத் திருத்தமே.

எங்கள் காரியாலயத்தில் ஈய எழுத்துகள் போய்க் கணினி வந்தபோது, ஒப்புநோக்குநரின் மேசையில் எஞ்சியிருந்த சிவப்பு மைக்கூட்டை ஒருவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். இனி அது தேவைப்படாது என்று நாங்கள் எல்லோரும் எண்ணினோம்.